மடியில் வாங்கியவள்

மகள் பட்டுவுக்குப் பெரியம்மை போட்டதும் நடேசன் செய்த முதல் வேலை, வாயை மூடிக்கொண்டதுதான். வெளியே தெரிந்தால் சுகாதாரக்காரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ஹைதராபாத் திருமுல்கேரியில் அவன் வீட்டருகே வேப்பமரம் இல்லை. மௌலா அலி ரயில்வே காலனியில் தங்கை கனகவல்லி வீட்டு வாசலிலேயே ஒன்று இருந்தது. அது போதாதா? பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறினான் மகானுபாவன்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. முக்காடிட்ட ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலிருந்து பேசாமல் கையை நீட்டினாள். நின்றுகொண்டு வருகிறவர் பிள்ளையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது எந்த பஸ்ஸிலும் நடப்பதுதான். அவனும் கொடுத்தான்.

பட்டு பிழைத்தாள். ஆனால் விஷயம் வெளியே வந்து, கொடிய தொற்றுநோயைக் கவனமில்லாமல் பரப்பக்கூடிய செயல் என்று வழக்கும் வந்தது. மாஜிஸ்திரேட் நாராயணஸ்வாமி தமிழர்தான். அவர் முன்னால் சுகாதார இன்ஸ்பெக்டர் தேவசகாயம் பட்டியலை வாசித்தார். அந்த பஸ்ஸில் போன நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேரை வீடு வீடாகத் தேடிப் பிடித்து அம்மை குத்தியிருந்தார். ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஹைதராபாத் மாதிரி ஊரில் இது எப்படி முடிந்தது என்று நடேசன் மலைத்துப்போனான்.

"ஒருத்தர் மட்டும் கிடைக்கலை. முக்காடு போட்ட ஒரு பொம்பளை" என்றார் தேவசகாயம்.

"நல்லதாப் போச்சு, வாயைத் திறக்காதீங்க" என்று நடேசனின் வக்கீல் காதைக் கடித்தார்.

நடேசனுக்குப் பிள்ளையை வாங்க நீண்ட அந்தக் கை நினைவுக்கு வந்தது. அவள் செத்துப்போயிருந்தால்? ஜெயிலோ, ரயில்வே வேலையோ, எது போனாலும் போகட்டும். அது தெரியாமல் இனி அவனால் சோறு தின்ன முடியாது.

"ஐயா, எம் பொண்ணை மடியில வெச்சிருந்தவங்கதான் அது. மௌலா அலி ஸ்டேஷன்கிட்ட பூக்கூடையோட எறங்கினாங்க. தேடிப் பாருங்கய்யா."

அடுத்த வாய்தாவுக்கு அந்தப் பெண் நாகம்மாவைக் கூட்டிவந்தார்கள். கூண்டில் ஏறி முக்காட்டை விலக்கினாள். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு.

"போர்வை வெலகினப்பவே பாத்துட்டேன் சாமி. சொன்னா அப்பனையும் பொண்ணையும் நடுரோட்டுல எறக்கி விட்டிருப்பாங்க. எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு, இனிமே வராது. வேற யார் மடிக்கும் போயிடக் கூடாதுன்னுதான் நான் வாங்கிக்கிட்டேன். எறங்குற வரைக்கும் முந்தானையால மூடியே வெச்சிருந்தேன்."

 நடேசன் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். யாருக்கும் நோய் வராதது குற்றவாளியின் சாமர்த்தியம் அல்ல, வந்திருக்கலாம் என்பதே குற்றம் என்று சொல்லி, மாஜிஸ்திரேட் ஒரு மாதம் தண்டனை கொடுத்தார். அது நியாயம் என்றே நடேசனுக்கும் பட்டது.

போலீஸ்காரரோடு வெளியே வந்தவனை வராந்தாவில் நாகம்மா மறித்தாள்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தான். அழுகைதான் வந்தது.