செத்த ஆளுக்கு வழக்கில்லை

உரலுக்குள் உலக்கையை இரண்டு தரம் போட்டுவிட்டுப் பிரியந்தன் நிறுத்தினான். ஐயர் பாட்டை விடாமல் கண்ணால் 'இடியுங்கோ' என்றார். பிரேதத்துக்கு வைக்கிற சுண்ணம்; கொள்ளி வைக்கிறவன்தான் இடிக்க வேண்டும். பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலையின் வாசலில் பொலிஸ் சார்ஜன் ஒருவன் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்தபடி நின்றான். பிரியந்தனின் மனைவி யதுஷாவைப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன்.

உள்ளே வந்து யதுஷாவின் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு, தம்பி என்கிற 'மல்லி'யோடு தொடங்கிச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான்.

"மல்லி, மாதம்பிட்டி மயானத்தில நாலு மணிக்கு எரிக்க இடம் எடுத்திருக்கிறம். நீங்கள் அலைய வேண்டாம்."

"உங்களை ஆர் கேட்டது?"

"மனுசருக்கு மனுசர் உதவிதானே."

பிரியந்தன் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போனான்.

பொலிஸ் வந்த அன்று யதுஷா பிள்ளை பெற்று மூன்று கிழமை. துடக்குக் கழியும்வரை பிள்ளைப்பெத்தவள் கையில் இரும்பு இல்லாமல் அறையை விட்டு வெளிக்கிடக் கூடாது என்பது பிரியந்தனின் அம்மா கனகேஸ்வரி வைத்த சட்டம். பேய் பிசாசு அண்டாதாம். குளியலறைக்குப் போனாலும் சின்னக் கத்தி கையில் இருக்கும். மேல்வீட்டுப் பெடியனைத் தேடிக் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிக்கு வந்த பொலிசார் கதவு மாறித் தட்டினார்கள். சீருடை இல்லை. குளியலறையிலிருந்து வந்தவள் கத்தியும் கையுமாய் அப்படியே திறந்தாள். கடமையிலிருந்த பொலிஸ் அதிகாரியை ஆயுதம் காட்டி அச்சுறுத்தினாள் என்று எழுதினார்கள். படியால் இழுத்து இறக்கும்போது ஒருவன் அடிவயிற்றில் உதைத்ததை எதிர்வீட்டு மாக்ரெட் கண்டாள். விளக்கமறியல் சிறையில் இரத்தம் போய், ஆஸ்பத்திரியில் முடிந்தது. பிரசவத்தால் வந்த இரத்தப்போக்கு என்று பிரேத பரிசோதனை சொன்னது. வயிற்றில் உதை பட்ட இடத்தில் கிடந்த கன்றலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெளியே நின்ற வான் வண்டியின் நிழலில் சட்டத்தரணி நாகேந்திரம் நின்றார்.

"கத்தி வழக்கு இனி இல்லை, தம்பி. செத்த ஆளுக்கு வழக்கில்லை. அடுத்த தவணையில மூடிப்போடுவினம்."

"அப்ப அவள் வெருட்டேல்லை எண்டு ஆர் சொல்லுறது?"

"ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

"வெருட்டினவள் எண்டு?"

"அதுவும் தீர்ப்பாகாது."

"பொலிஸ் எழுதினது?"

நாகேந்திரம் கண்ணாடியைத் துடைத்தார். "அது கிடக்கும்."

நாகேந்திரம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"உடம்பைத் திரும்ப ஒருக்காச் சோதிக்கச் சொல்லி மனுப் போடலாம். திங்கள்தான் கோடு கூடி நீதவான் வருவார். அதுக்கு உடம்பு இருக்கோணும். சாம்பலை ஒருத்தரும் சோதிக்கேலாது." அவர் வாசல் பக்கம் பார்த்தார். "நாலு மணிக்கு ஏன் இடம் பிடிச்சவங்கள் எண்டு விளங்குதே?"

பிரியந்தன் உள்ளே போய், எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"எரிக்கேல்லை. புதைக்கிறம்."

பாட்டு நின்றது. யதுஷாவின் தம்பி ஜனா எழும்பி வந்தான்.

"என்ன அத்தான் கதைக்கிறியள்? எங்கட ஆக்களில ஆர் புதைச்சது? அக்காவைப் புழு தின்ன விடுறதே?"

"புழு கொஞ்சம் மிச்சம் விடும். நெருப்பு விடாது."

"உங்களுக்கு வழக்குத்தான் பெரிசு."

"ஓம்."

கனகேஸ்வரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தாள். "கத்தியை நான்தான் குடுத்தனான் எண்டு கோட்டில வந்து சொல்லுறன்" என்றாள். உங்களை இழுக்கேல்லை அம்மா என்று அவன் சொல்வான் எனச் சனம் பார்த்திருந்தது.

"சொல்லுங்கோ" என்றான் பிரியந்தன்.

சுண்ணத்தையாவது முடியுங்கோ என்று ஐயர் முணுமுணுத்தார். பிரியந்தன் உலக்கையை எடுத்தான்.

சார்ஜன் கிட்ட வந்தான். "நாலு மணி இடம் வீணாப் போகும், மல்லி."

"நீங்கள் போய் அதில படுங்கோ."

சார்ஜனின் கை இடுப்புக்குப் போனது. உலக்கையைப் பார்த்துச் சிரித்தான். "பொலிஸ்காரனுக்கு முன்னால கையில ஒண்டும் வச்சிருக்கக் கூடாது. வீட்டில சொல்லித் தரேல்லையா?"

"தம்பி, கீழ வையும்" என்றார் பின்னால் வந்திருந்த நாகேந்திரம். "இவன் இதுக்குத்தான் நிக்கிறான். வையும்."

பிரியந்தன் வைக்கவில்லை. சார்ஜனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உரலில் போட்டு இடித்தான். மஞ்சள் தூள் சார்ஜனின் கால் சப்பாத்தில் பறந்து படிந்தது. உரலுக்குள் இடிபட ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகும் இடித்தான். சார்ஜன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

மாதம்பிட்டியில் குழி வெட்டுகிறவன் இடுப்பளவு இறங்கியிருந்தான். பிரியந்தன் சிங்களத்தில் சொன்னான்:

"போதும். ஆழம் வேண்டாம்."

"நாய் கிளறும், மாத்தயா."

"திரும்ப எடுக்கோணும்."

அவன் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான். பிறகு ஏறி வந்து மண்வெட்டியைப் புல்லில் துடைத்தான். "அப்ப ஆராவது காவல் இருக்கோணும்" என்றான்.

மண் போட்டு முடிந்ததும் சனம் வானுக்குப் போனது. பிரியந்தன் வேட்டியை மடித்துக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் குந்தினான். மலர்ச்சாலையிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை கதைக்காத ஜனா, வானில் ஏறாமல் திரும்பி வந்தான். மற்றப் பக்கம் போய், மதில் உடைந்து கிடந்த இடத்தைப் பார்த்தபடி அவனும் குந்தினான்.