விசிலின் மேசை டிராயர்

அந்தத் தையல் கம்பெனிக்குள் சிகரெட், சாராயம், புகையிலை எதுவும் நுழைய முடியாது. வாசலில் காவலாளி பெண்களின் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவான். உள்ளே வந்துவிட்டால் கவலையில்லை. வேண்டியது சூப்பர்வைசரின் மேசை டிராயரில் இருந்தது.

அவருக்குப் பெண்கள் வைத்த பெயர் விசில். வேலையைத் தொடங்க ஒரு ஊதல், முடிக்க ஒரு ஊதல், நடுவில் விரட்டுவதற்குக் கணக்கில்லாத ஊதல். வீட்டில் சோறு கேட்கவும் ஊதுவார் என்று பேச்சு. யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் போதும், டிராயரை இழுத்து, பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து உறையில்லாத வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டுவார்.

"போட்டுக்கோம்மா. பத்து நிமிஷத்துல இடுப்புன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோயிடும்."

மறந்துதான் போகும். சாய்வு இல்லாத ஸ்டூலில் பத்து மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு நாற்காலி வாங்கிப் போடுவதைவிட இது சுலபம் என்பது முதலாளியின் ஞானம்.

காலர் தைப்பவளுக்கு, காலர்க்காரி என்றே வைத்துக்கொள்வோமே, அந்த டப்பாவைக் கண்டாலே வயிறு எரியும். பக்கத்து மெஷினில் இருப்பவள் அவளுடைய நாத்தனார், வீட்டில் சின்னவள். ஒரு மாத்திரையில் தொடங்கியவள் இப்போது ஒரு நாளைக்கு ஆறு போடுகிறாள். விடுமுறை வந்தால் மாத்திரை கிடைக்காமல் வேர்த்து ஒழுகி, கொட்டாவியாக விட்டுக்கொண்டு, கைகால் உதறக் கிடப்பாள். போன வாரம் மெஷின் ஊசி அவள் விரலிலேயே இறங்கிவிட்டது. கத்தவில்லை. துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான், "அட, நம்ம விரலு" என்றாள். விசில் வந்து எட்டிப் பார்த்தார். "இதுக்குப் பேருதான் அர்ப்பணிப்பு" என்று சொல்லி எல்லோரையும் கை தட்ட வைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது காலர்க்காரி கெஞ்சினாள். "வாடி, நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டலாம்."

"ஒரு நாள் லீவு போட்டா என் மெஷின்ல வேற ஆளு உக்காந்திருப்பா அண்ணி. என்னைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. அண்ணன் மேல சத்தியம் பண்ணுங்க."

"உங்கண்ணன் ஏற்கெனவே சத்தியம் சுமந்து சுமந்து கூனிப்போய்க் கிடக்காரு. சரி, திறக்கல."

இந்த லட்சணத்தில் போதை ஒழிப்பு நாள் வந்து சேர்ந்தது. 'போதையற்ற பணியிடம்' என்று ஒரு விருது கொடுக்கிறார்களாம். முதலாளிக்கு அதன்மேல் கண். விழாவுக்கு முந்தின நாள், இருபதடித் துணியில் அந்த எழுத்துகளை வெட்டித் தைக்கச் சாப்பாட்டு இடைவேளை போயிற்று. இடைவேளை போனதில் முதுகு போயிற்று. முதுகுக்கு டப்பா வந்தது. 'போதை' என்ற எழுத்துகளைத் தைத்த சின்னவள் அன்றைக்கு எட்டு போட்டாள்.

சிறப்பு விருந்தினராகச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். மனவுறுதி இல்லாதவர்கள்தான் போதைக்கு அடிமையாகிறார்கள் என்று முதலாளி முக்கால் மணி நேரம் முழங்கினார். டாக்டரம்மா நெற்றிப்பொட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். உறுதிமொழித் தாள்களோடு மேடையோரம் நின்ற காலர்க்காரி அதைப் பார்த்தாள். சின்னவளின் கட்டுப்போட்ட விரலையும் பார்த்தாள். பிறகு, தேன் ஒழுகுகிற குரலில் விசிலைக் கூப்பிட்டாள்.

"சார், மேடத்துக்குத் தலைவலி போல. நம்ம மாத்திரை ஒண்ணு குடுங்களேன். கையோட கேக்கும்."

பெரிய மனிதர்களுக்குச் சேவை செய்வதென்றால் விசிலுக்குத் தலைகால் புரியாது. ஓடினார். தட்டில் தண்ணீரும் டப்பாவுமாகத் திரும்பி வந்தார்.

"ரெண்டாப் போடுங்க மேடம். தலைவலி மட்டுமில்ல, பசி, அசதி ஒண்ணும் தெரியாது. எங்க பொண்ணுங்க தினமும் இதுலதான் ஓடுது."

முதலாளி பலமாக இருமினார்.

"சாருக்கும் ஒண்ணு குடுக்கட்டா?" என்றார் விசில்.

டாக்டரம்மா ஒரு மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கேருந்து வருது?"

"டப்பாவுலேருந்துதான் மேடம்."

மைக் அணையாமல் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது டாக்டர் எழுதிக் குடுக்காம தொடவே கூடாத மாத்திரை. பழகினா விடாது. திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. எங்க மேற்பார்வையில கொஞ்சம் கொஞ்சமா அளவைக் குறைக்கணும்." டப்பாவை மூடித் தன் பையில் வைத்தார். "தினமும் போடறவங்க கை தூக்குங்க. யாரையும் திட்டமாட்டேன். வைத்தியம் பாக்கத்தான் கேக்கறேன்."

ஒரு கைகூட எழவில்லை. அத்தனை கண்களும் தரையில். "பாத்தீங்களா, ஒருத்தர்கூட இல்ல" என்ற முதலாளியின் முகத்தில் விருது மறுபடி பளபளத்தது.

காலர்க்காரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சத்தியம் பண்ணியவள் வாயைத் திறக்க முடியாது. சின்னவளோ அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் காலையில் டிராயர் காலி. அந்த நினைப்பிலேயே அவளுக்கு வேர்த்தது. கட்டுப்போட்ட விரலோடு கை மெல்ல எழுந்தது.

"ஆறு மேடம்" என்றாள். "நேத்து எட்டு."

பின்வரிசையில் ஒரு கை. அப்புறம் பட்டன் வைப்பவளின் கை, அப்புறம் இஸ்திரி போடுகிறவளுடையது, அப்புறம் எண்ண முடியவில்லை. கடைசியாக ஒரு கை, தலையைச் சொறிவதுபோல் போய் அங்கேயே நின்றுவிட்டது. விசிலின் கை.

"நீங்களுமா?"

"நாலு மேடம்... எனக்கும் டார்கெட் இருக்குல்ல."

"நாளைக்குக் காலையில எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றார் டாக்டரம்மா.

சின்னவள் அண்ணியின் கையைப் பிடித்தாள். "லீவு போட்டா மெஷின் போயிடுமே அண்ணி."

"அடியே, ஹாலே கை தூக்கி நிக்குது. அத்தனை மெஷின்லயும் முதலாளியே உக்காந்து தைப்பாரா?"

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசை வாசல்வரை நீண்டது. முதலில் சின்னவள், வெளிறிப்போய், அண்ணியின் தோளில் சாய்ந்தபடி. கடைசியில் விசில். வரிசை நகரவில்லை என்றதும் பழக்கதோஷத்தில் கழுத்து விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஊதாதீங்க சார். இங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான்."