அக்காவைக் கேட்கவில்லை

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த வீட்டில் கடைசியாக நடக்கும் காரியம் டிவியைப் போடுவது. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி, தன் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து ஹாலில் டிவிக்கு நேராக நிறுத்தி பிரேக்கைப் போடுவான். அவன் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். அவள் அக்காவுக்குத் தலை வாரிவிட்டு, மடியில் ஒரு துண்டை விரித்து, நாள் முழுக்க சீரியல் ஓடும் சேனலாகப் பார்த்து வைப்பாள். கீழே விழுந்து உடைந்துவிடக் கூடாது என்று ரிமோட்டை அலமாரி மேல் வைப்பாள். டிவி ஓடுகிறது அண்ணி, பார்த்துக்கொண்டிருங்கள், சாயங்காலம் வந்துவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவாள். கதவு சாத்தப்படும்.

அக்கா பதில் சொல்வதில்லை. சொல்ல முடியாது. பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டு போனபோது பேச்சையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். தம்பியும் அதை எல்லோரிடமும் சொல்வான். சொன்னானே தவிர, அதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பார்த்ததில்லை.

பேச்சு இருந்த காலத்தில் அக்கா வாயாடி. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். கார் குலுங்கி நின்றால் முன் கண்ணாடி அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவாள். அடுத்த நிமிடமே, பரவாயில்லை, மறுபடி ஸ்டார்ட் பண்ணு என்பாள். பெற்றவர்கள் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியதும் அவள்தான். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களையெல்லாம் கிண்டல் பண்ணியே விரட்டியடித்தாள்.

அப்படிப்பட்ட அக்காவைத் தம்பி கைவிடவில்லை. தன் வீட்டுக்கே கொண்டுவந்தான். ஹால் சுவரில் பெரிய டிவியாக வாங்கி மாட்டினான். மதியம் வந்து சாப்பாடு ஊட்டி, துணி மாற்றி, கொஞ்ச நேரம் படுக்கவைக்கப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், இந்தக் காலத்தில் யார் இவ்வளவு செய்கிறார்கள் என்று மெச்சினார்கள். கேட்க இதமாகத்தான் இருந்தது.

ஆனால் கொஞ்ச நாளாக அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு முறை இடது கையால் தட்டைத் தட்டிவிட்டாள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்; பலன் இல்லை. ஆள் துரும்பாக இளைத்துக்கொண்டே வந்தாள். இனி நம்மால் முடியாது, விவரம் தெரிந்தவர்கள் கையில் விடுவதுதான் அவளுக்கும் நல்லது என்று கணவனும் மனைவியும் மனதைத் தேற்றிக்கொண்டு, முதியோர் இல்லம் ஒன்றில் பேசிவைத்தார்கள். அடுத்த மாதம் அழைத்து வருவதாகச் சொல்லியாகிவிட்டது. இதையும் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தம்பிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மோட்டார் ஒன்றைப் புரட்டி வைக்கும்போது சுளுக்கிக்கொண்டதில் நிமிர முடியவில்லை. அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி அவனை ஹால் சோபாவில் படுக்கவைத்து, அக்காவை வழக்கமான இடத்தில் நிறுத்தி, வழக்கமான சேனலை வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். ரிமோட் வழக்கம்போல அலமாரி மேல் இருந்தது.

தம்பிக்கு முதலில் குஷியாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பகலில் காலை நீட்டிப் படுத்து டிவி பார்த்ததாக நினைவே இல்லை. ஒரு மாமியார் அழுதாள். மருமகள் அழுதாள். யார் என்றே தெரியாத ஒருத்தி கதவோரம் நின்று அழுதாள். கூந்தல் எண்ணெய் விளம்பரம் வந்தது. மறுபடி மாமியார் அழுதாள். அடுத்த சீரியலிலும் ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் நின்று கதறினாள். அதே எண்ணெய் விளம்பரம் திரும்ப வந்தபோது அவனுக்குத் தலை வலித்தது. எழுந்து போய் ரிமோட்டை எடுக்கலாம் என்று புரண்டான். இடுப்பில் சுரீரென்று இழுத்தது. அப்படியே படுத்துவிட்டான்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தான். கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். விளம்பரம் வந்ததும் கண்ணைத் திறந்தாள். சீரியல் ஆரம்பித்ததும் மூடிக்கொண்டாள். அடுத்த விளம்பரத்துக்குத் திறந்தாள். அவள் தூங்கவில்லை. பார்க்கப் பிடிக்காமல் மூடிக்கொள்கிறாள். கண்ணை மூடலாம், காதை என்ன செய்வது?

மதியம் உதவிக்காரப் பெண் வந்தாள். அலமாரி மேலிருந்து ரிமோட்டை எடுத்தவள், சோபாவில் ஆள் இருப்பதைப் பார்த்துத் தயங்கினாள்.

"அண்ணே, நான் பாக்குற சீரியல் ஒண்ணு இப்ப வரும். மாத்திக்கட்டுமா?"

"மாத்திக்கம்மா" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை மாதமாக இந்தப் பெண் யாரையும் கேட்காமல்தான் மாற்றியிருப்பாள். இன்று கேட்டது, வாய் உள்ள ஒருவன் அறையில் இருப்பதால். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? தினமும் காலையில் அவர்கள் மட்டும் யாரைக் கேட்டார்கள்? இப்போதுகூட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவைக் கேட்காமல்தானே சரியென்றான்?

ரிமோட்டைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னான். நாற்காலியைச் சோபா பக்கமாகத் தள்ளச் சொல்லி, அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீ என்ன பாக்கணும்? வேணும்னா என் கைய அழுத்து. வேணாம்னா தலைய ஆட்டு."

அக்கா அவனையே பார்த்தாள். அவன் சேனலை மாற்றினான். சமையல் வந்தது, தலையாட்டினாள். பாட்டு வந்தது, அதற்கும் ஆட்டினாள். பக்திச் சொற்பொழிவு வந்தபோது முகம் சுளித்த சுளிப்பில் உதவிக்காரப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செய்தி வேண்டாம், பழைய படம் வேண்டாம். ஒருவேளை டிவியே வேண்டாமோ என்று நினைத்து நிறுத்தினான். அறை அமைதியானது. அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவன் கையை அழுத்தினாள்.

வெகுநேரம் அந்த அமைதியிலேயே இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தார்கள். அக்கா கழுத்தை நீட்டி அதைக் கவனித்தாள். பிறகு ரிமோட்டைக் கண்ணால் காட்டினாள். தம்பி திரும்பவும் சேனல்களைத் தள்ளினான். ஒரு இடத்தில் கையை இறுகப் பிடித்தாள். திரையில் மலை மாதிரி இருவர் மோதிக்கொண்டார்கள். ஒருவன் மற்றவனைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டான். மல்யுத்தம்.

"இதையா?" என்றான் தம்பி.

அவள் இன்னும் அழுத்தினாள். மேலே இருந்தவன் கீழே விழுந்ததும் அக்காவின் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய்ப் பார்த்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருக்க, சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் சிரித்தான், இடுப்பு வலித்தது, நிறுத்த முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் உதவிக்காரப் பெண் ஊட்டிய சாப்பாட்டை அக்கா பாதிக்கு மேல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் மனைவி வந்து இதையெல்லாம் கேட்டுவிட்டு நம்பாமல் நின்றாள். எங்கம்மாவுக்குச் சீரியல் என்றால் உயிர், அதனால்தான் அண்ணிக்கும் வைத்தேன் என்றாள். பிறகு ரிமோட்டை ஒரு நாடாவில் கட்டி, நாற்காலியின் இடது கைப்பிடியில் மாட்டினாள். அக்காவின் முன் குனிந்து, தாங்கள் பேசிவைத்திருந்த இல்லத்தைப் பற்றி மெதுவாகச் சொல்லி, போக விருப்பமா என்று கேட்டாள். அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப.

அக்காவுக்குப் பேச்சு வந்துவிடவில்லை. சில நாள் இன்னும் சாப்பிட அடம்பிடிக்கிறாள்; எது வேண்டாம் என்று கேட்டால் காட்டுகிறாள். காலையில் பெரும்பாலும் டிவியே ஓடுவதில்லை. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது.

மாதம் பிறந்ததும் இல்லத்திலிருந்து போன் வந்தது. எப்போது அழைத்து வருகிறீர்கள் என்று அங்கிருந்த பெண் விசாரித்தாள். வரவில்லை என்றான் தம்பி. உடம்பு தேறிவிட்டதா என்று அவள் கேட்டாள்.

"உடம்பு அப்படியேதாங்க இருக்கு. மாறினது நாங்கதான்" என்றான். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோலத் தொடர்ந்தான். "சோறு போட்டோம், மருந்து கொடுத்தோம், பெரிய டிவி வாங்கி மாட்டினோம். எல்லாம் செஞ்சிட்டோம்னு நெனச்சோம். உனக்கு என்ன வேணும்னு மட்டும் கேக்கல. பேச்சு போனவங்களுக்கு விருப்பமும் போயிடும்னு நெனச்சது எங்க தப்பு. அவங்களால சொல்ல முடியாதுங்க. அதுக்காக நாம கேக்காம இருக்கக் கூடாது."