ஆறு பல்புகள்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் எங்களுடையது தனி வீடு என்று சொல்லி வைத்திருந்தார் தரகர் சின்னப்பையன். ராயபுரத்தில் அந்த வீட்டுக்குள் ஆறு குடும்பங்கள் இருந்தோம். எங்களுக்கு ஓர் அறை. டூலெட் பலகையில் இதைப் போர்ஷன் என்று எழுதுவார்கள். பழைய பெயர் ஒண்டுக்குடித்தனம். மழைக்கு யார் வீட்டுக் கூரையடியிலாவது ஒண்டுவதுபோல அடுத்தவர் வீட்டில் ஒண்டிக் குடித்தனம் செய்வதால் வந்த பெயர் என்பார்கள். மழைக்கு ஒண்டியவன் மழை விட்டதும் கிளம்பிவிடுவான். 2001இல் இவர்கள் பெண் பார்க்க வந்தபோது, நாங்கள் அங்கே குடிவந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

அன்று எண்ணூரில் நைட் ஷிப்ட் முடித்து வந்த எனக்குப் படுக்க இடமில்லை. பக்கத்துப் போர்ஷன் மரியம் அக்கா தன் அறையையும் திறந்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார். மற்ற நான்கு குடும்பங்களும் கதவைப் பூட்டிக்கொண்டு டோல்கேட் பக்கம் போய்விட்டன. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

என் தங்கை மங்கை சம்மதித்ததற்கு ஒரே காரணம், திருவொற்றியூரில் மாப்பிள்ளைக்குத் தனி வீடு, தனிக் கக்கூஸ் என்று அதே தரகர் சொன்னதுதான். வாளியோடு வரிசையில் நின்று அவளுக்கு அலுத்துவிட்டது. மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை.

காபி குடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா தாயம்மா கக்கூஸ் எங்கே என்று கேட்டார். மங்கை அழைத்துப்போனாள். ஆறு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான், பகலிலும் இருட்டு. வெளிச்சுவரில் ஆறு சுவிட்சுகள், உள்ளே ஆறு பல்புகள். அவரவர் கரண்ட் அவரவர் மீட்டரில். மங்கை பழக்கத்தில் இரண்டைத் தாண்டி மூன்றாவதைத் தட்டினாள். நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு பார்த்தேன்.

தாயம்மா வெளியே வந்து சுவிட்சுகளை எண்ணினார்.

"ஒண்டுக்குடித்தனமா கீது?"

"ஆமா. மூணாவது எங்குளுது" என்றாள் மங்கை.

அம்மா ஓடிவந்து தரகர்மேல் பழியைப் போட ஆரம்பித்தாள். தாயம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு மங்கையிடம் திரும்பினார். கோபம் இல்லை, களைப்பு.

"எங்குளுதும் தனி வூடு இல்லம்மா. எட்டுக் குடித்தனம். அந்தாளு உங்கையில இன்னா சொன்னானோ. அப்பால ஏமாந்துட்டேன்னு நீ சொல்லக்கூடாது பாரு."

மங்கைக்கு இருபத்தேழு வயது. இதற்கு முன் நான்கு பேர் காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"உங்க சுச்சு எத்தினியாவது, அத்தே?"

"கடசி."

மங்கை தலையாட்டினாள். பிறகு எங்கள் பல்பை அணைத்தாள்.