ஏழு குணங்களில் மூன்று

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பியன் ஹக்சுவைக் கல்யாணம் நடத்திவைக்க யாரும் கூப்பிட்டு இரண்டு வருஷமாகிவிட்டது. ஒரு காலத்தில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் ஜொஞ்சு நகரத்தில் அவருடைய வெள்ளைக் கையுறைக்குத் துவைத்துக் காய நேரமிருக்காது. இப்போதைய பிள்ளைகளோ தாங்களே உறுதிமொழி வாசித்து, தாங்களே பாட்டுப் பாடி, தாங்களே அழுதுகொள்கிறார்கள். மேடை நடுவில் நின்று அறிவுரை சொல்ல ஒரு பெரிய மனிதர் தேவைப்படுவதில்லை. நாட்டில் விவாகரத்து பெருகுவதற்கு இதுதான் காரணம் என்பது ஹக்சுவின் ஆராய்ச்சி முடிவு.

ஆகவே, பழைய மாணவன் தொக்யூ ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்து தன் கல்யாணத்தை நடத்திவைக்கக் கேட்டபோது அவர் உடனே சம்மதித்துவிடவில்லை. அரை நிமிஷம் யோசித்தார்.

"ஒரே ஒரு வேண்டுதல் சார்." தொக்யூ தலையைச் சொறிந்தான். "பேச்சு மட்டும் ஒரு அஞ்சு நிமிஷத்துல..."

"அஞ்சு நிமிஷத்துல தொண்டையத்தான்டா கனைக்க முடியும்."

"ஸ்கூல்ல காலை அசெம்ப்ளில நீங்க பேசறப்போ நான் மயங்கி விழுந்தேனே, ஞாபகம் இருக்கா சார்?"

"அது வெயிலு."

"மார்ச் மாசம் சார். பனி கொட்டிட்டு இருந்துச்சு."

அவன் போனபின் மனைவி மல்ஜா பேரிக்காயைத் தோல் சீவிக்கொண்டே சொன்னாள்: "அவங்கப்பா பூங்காவுல உங்ககூட சதுரங்கம் ஆடறவரு. அவர் தள்ளிவிடாம இந்தப் பையன் நம்ம வாசப்படி மிதிச்சிருப்பானா?"

ஹக்சுவின் கணக்கு வேறாக இருந்தது. முந்நூறு பேர் வருவார்கள். அதில் ஐம்பது பேர் வீட்டிலாவது கல்யாண வயதில் பிள்ளை இருக்கும். இந்த ஒன்று ஜோராக நடந்துவிட்டால் மறுபடி சனிக்கிழமைதோறும் அழைப்பு வரும். சொதப்பினால், கையுறையை மல்ஜா பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொள்வாள்.

கல்யாணத்தன்று காலை மல்ஜா, "டாக்ஸில போயிரலாங்க. மெயின் ரோடு பூரா கிங்கோ பழம் கொட்டிக் கிடக்கு" என்றாள்.

"கல்யாணம் நடத்திவைக்கிறவன் மஞ்சள் இலைக்கு நடுவுல நடந்து போறதுதான்டி அழகு."

"அழகா நடங்க." அவள் டாக்ஸியில் ஏறிக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் அந்த ஊரில் எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். கொட்டிக் கிடக்கும் பழங்களுக்கு நடுவே இடம் பார்த்து, மேயரே பாண்டி ஆடுவதுபோலத் தாண்டித் தாண்டித்தான் போவார். ஹக்சு மட்டும் தலையை நிமிர்த்தி, இல்லற வாழ்வின் ஏழு குணங்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி, இலைகளின் மேல் கம்பீரமாக நடந்துபோனார்.

கல்யாண மண்டபத்தின் மேலாளர் தாக், கோட்டில் பூவைக் குத்திவிடும்போதே காதில் போட்டார்: "ஐயா, அடுத்த கல்யாணம் பன்னெண்டு நாப்பதுக்கு. கொஞ்சம் பாத்து..."

ஹக்சு கையுறையை மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கம்பளத்தின் மேல் நிதானமாக நடந்து மேடை ஏறினார். மாப்பிள்ளை வந்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணப்பெண் செபோம் வந்தாள். உறுதிமொழி ஆயிற்று. இருவரும் கணவன் மனைவி என்று அறிவித்தாயிற்று. பேச்சு தொடங்கியது.

முதல் குணம் பொறுமை. இரண்டாவது சிக்கனம். பின்வரிசைக்காரர்கள் சாப்பாட்டுச் சீட்டோடு ஒவ்வொருவராகக் கீழ்மாடிக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது குணமான நன்றியுணர்வுக்கு வந்தபோதுதான் ஹக்சு அதைக் கவனித்தார். தொக்யூவின் கண்களில் நீர்! செபோம் பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டையை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எடுத்தார்கள்.

முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் பேச்சுக்குத் தூங்கியவர்கள் உண்டு. அழுதவர்கள் இல்லை. ஹக்சுவுக்கு உடம்பு சிலிர்த்தது. நன்றியுணர்வை ஜவ்வாக இழுத்தார். "கடைசியாக" என்றார். பிறகு, "கடைசியாக இன்னொன்று" என்றார்.

"சார்." செபோம் சிரித்த முகம் மாறாமல், உதடு அசையாமல் சொன்னாள். "உங்க ஷூ."

குனிந்து பார்த்தார். வாசலிலிருந்து மேடை வரைக்கும் வெள்ளைக் கம்பளத்தில் மஞ்சள் காலடிகள், ரப்பர் முத்திரை குத்தியதுபோல் ஒரே சீராக வந்திருந்தன. அப்போதுதான் அவர் மூக்குக்கும் அது எட்டியது. நசுங்கிய கிங்கோ பழத்திலிருந்து, பஸ் நிலையத்துக் கழிப்பறை மேடைக்கே வந்து நிற்கிற மாதிரி ஒரு நாற்றம்.

வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைத்தார். நாற்றம் இரண்டு காலிலும் இருந்தது. "கிங்கோ மரம் ஆயிரம் ஆண்டு வாழும்," என்று சமாளிக்கத் தொடங்கினார். "ஆண்மரமும் பெண்மரமும் எதிரெதிரே நின்றால்தான்..."

மூன்றாவது வரிசை கண்ணில் பட்டது. வழக்கமாகப் பொறுமைக்கே தூங்கிவிடுகிற மல்ஜா இன்று விழித்திருந்தாள். அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

ஹக்சு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"காலைல என் வீட்டம்மா டாக்ஸில போலாம்னு சொன்னாங்க. நான் கேக்கல. அதோட பலனத்தான் நீங்க எல்லாரும் இப்ப மூக்கால அனுபவிச்சிட்டு இருக்கீங்க. டேய் தொக்யூ, மிச்சம் நாலு குணத்த நீங்க ரெண்டு பேருமே கண்டுபிடிச்சுக்குங்க. எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. படியில் இறங்கிப் போனவர்கள்கூட என்னவோ ஏதோவென்று திரும்பி ஓடிவந்தார்கள். தாக் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். எட்டே நிமிஷம்.

புகைப்படத்துக்கு நிற்கும்போது ஷூவைக் கழற்றச் சொல்லி, மண்டபத்துப் பாத்ரூம் செருப்பைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்தப் படத்தில் ஹக்சு கம்பீரமாகத்தான் நிற்கிறார். செபோமின் பாவாடை அகலமானது.

செவ்வாய்க்கிழமை தாக்கிடமிருந்து போன் வந்தது. "ஐயா, அந்த எட்டு நிமிஷத்து ஐயாதான் வேணும்னு மூணு வீட்டுல கேக்கறாங்க. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வர முடியுமா?"

போனை வைத்துவிட்டு ஹக்சு மீசையே இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டார். "பாத்தியா? மூணு குணத்துலயே சனங்கள அழ வெச்சிட்டேன்."



சனிக்கிழமை காலை, வாசலில் அவருடைய புது ஷூ பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை.

"இது என்னது?"

"பழைய ஷூ. கழுவாம அப்படியே வெச்சிருக்கேன்." மல்ஜா பையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் மூணாவது வரிசைலதான் இருப்பேன். எட்டு நிமிஷம் தாண்டிச்சு, முடிச்ச அவுத்துருவேன்."

ஹக்சு டாக்ஸிக்குப் போன் செய்தார்.