அரை ஸ்பூன் சர்க்கரை

சுப்ரியாவுக்கு மேனேஜர் பிரமோஷன் வந்த அன்றைக்கு கரமனை அக்ரஹாரத்து வீடே துள்ளிக் குதித்தது. அதுவும் ஆர்டரில் ஊர்ப் பெயரைப் படிக்கிறவரைக்கும்தான். நெய்யாற்றின்கரை கிளை என்று பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அங்கே போக வேண்டுமானால் கரமனைப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும்.

சிரிக்காதீர்கள். வேறு எந்தப் பாலமும் அவளை ஒன்றும் செய்யாது. கொல்லம், ஆலுவாய் எங்கே கொண்டுபோய் விட்டாலும் ஜம்மென்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றை வேடிக்கை பார்ப்பாள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற இந்த ஒரு பாலத்தில்தான் வம்பு. பஸ் அதன்மேல் ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்து, கைகால் விறைத்து, இதோ உயிர் போகிறது என்று ஆகிவிடும். பள்ளிக்கூடம், காலேஜ், ஆபீஸ் எல்லாம் ஆற்றுக்கு இந்தப் பக்கமே அமைந்துவிட்டதால் இருபத்தொன்பது வயசு வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டாள். இனி அந்தப் பாச்சா பலிக்காது. ஜூலை முதல் தேதி போய்ச் சேரவில்லை என்றால் பிரமோஷன் அடுத்த ஆளுக்கு. ஏழு வருஷம் ராப்பகலாய்ப் படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய பதவி அது. விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

அவள் கணவன் பிரணவ் காலேஜில் கணக்கு வாத்தியார். விஷயம் கேள்விப்பட்டதும் லைப்ரரியிலிருந்து மனப்பகுப்பாய்வுப் புஸ்தகங்களை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்புறம் வீட்டில் நிம்மதியாக ஒரு தும்மல் போட முடியவில்லை. மறந்துபோனது எதுவும் தொலைந்துபோவதில்லை, நனவிலி மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வேறு வேஷம் கட்டித் திரும்பி வரும் என்பான். தாங்க முடியாததை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுவது ரிப்ரெஷன், அந்தத் தாழ்ப்பாளைத் திறக்க விடாமல் முட்டுக்கட்டை போடுவது ரெசிஸ்டன்ஸ் என்று சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவான். பாலம் என்றால் கல்யாணம், சுப்ரியாவுக்கு உள்ளுக்குள்ளே தன்மேல்தான் பயம் என்று ஒரு நாள் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னான். அவளுக்கு ஒன்பது வயசிலிருந்தே இந்தப் பயம் இருக்கே, அப்போ நீங்க எங்கே இருந்தேள் மாப்பிள்ளே என்று அவன் மாமியார் மங்கலம் கேட்டாள். அசடு வழிந்தானே தவிர, புஸ்தகத்தை மூடவில்லை.

ஆனால் உருப்படியாக ஒரு காரியம் செய்தான். சாஸ்தமங்கலத்தில் டாக்டர் லீலாபாயைத் தேடிப் பிடித்தது அவன்தான்.

டாக்டர் மருந்து மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஒரு திவான் கட்டிலில் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரே ஒரு சட்டம்தான். மனசில் என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே சொல்ல வேண்டும், அசட்டுத்தனமாக இருந்தாலும், வெட்கமாக இருந்தாலும். சுப்ரியா ஆபீஸ் பழக்கத்தில் மலையாளத்தில் பேசுவாள். டாக்டர் பின்னாலிருந்து "ம்" என்பாள். அவ்வளவுதான்.

ஒருத்தர் இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போவது அக்ரஹாரத்தில் பழக்கமில்லை. அதனால் முதல் நாளே சுப்ரியா ஒரு பிளாஸ்க் நிறையக் காப்பி கொண்டுபோனாள். சிகிச்சைக்கு வருகிறவர்களிடமிருந்து தான் எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்று டாக்டர் நயமாகச் சொல்லிவிட்டாள். அடுத்த தடவையும் கொண்டுபோனாள். அதற்கடுத்த தடவையும். திரும்பி வரும் காப்பியை பிரணவ் குடிப்பான், சப்பென்று இருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே. சுப்ரியா காப்பியை நாக்கில் வைக்க மாட்டாள். சின்ன வயசில் ஒரு நாள் நிறுத்தினாள், ஏன் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்பாள். காப்பி குடிக்காத அக்ரஹாரத்துப் பெண்ணை மியூசியத்தில்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தெருவே கேலி செய்யும்.

திவானில் படுத்தால் அவளுக்கு வேறு பேச்சே வரவில்லை. டிகாக்ஷன் எப்படி இறங்க வேண்டும், எந்தக் கடைப் பொடி தேவலை, நான் இவ்வளவு ஆசையாகக் கொண்டுவருகிறேன், நீங்கள் ஒரு வாய் குடித்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று ஒரே காப்பிப் புராணம். குடிக்காததில் அவளுக்கு நிஜமாகவே கோபம். பழைய ஆள்மேல் இருந்த ஆசையையும் கோபத்தையும் கொண்டுபோய் டாக்டர் தலையில் வைக்கிறாய், அதற்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர் என்றான் பிரணவ். எந்தப் பழைய ஆள், போய் வேலையைப் பாருங்கோ என்று அவள் எரிந்து விழுந்தாள்.

ஜூன் கடைசி வாரம். முதல் தேதிக்கு நாலே நாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுப்ரியா வழக்கம்போல் காப்பியில் ஆரம்பித்தாள். எரிச்சலில் மலையாளம் கழன்று வீட்டுத் தமிழ் வந்துவிட்டது அவளுக்கே தெரியவில்லை. இன்றைக்கும் சூடாக, அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அதுநாள்வரை ம் என்பதைத் தாண்டாத டாக்டர், குழித்துறைப் பக்கத்துத் தமிழில், மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கு அரை ஸ்பூன் சர்க்கரைதான் வேணும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

சுப்ரியா யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லையே! டாக்டருக்குச் சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை. கையே அளந்து போட்டிருக்கிறது. அரை ஸ்பூன் யாருக்கு?

"அப்பாவுக்கு," என்றாள்.

அப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது. அப்பா வெங்கடகிருஷ்ணன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மர மில்லில் மேனேஜர். வெளிக் காப்பி குடிக்க மாட்டார். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவது ஒன்பது வயசு சுப்ரியாவின் வேலை. அப்பா பேப்பருக்குப் பின்னால் இருப்பார். முகம் தெரியாது. அவள் என்ன சொன்னாலும் "ம்" என்பார்.

ம். தலைமாட்டுக்குப் பின்னால், முகம் தெரியாமல் உட்கார்ந்து ம் என்கிறது யார்? அடப்பாவி பிரணவ், அவன் சொன்னது சரிதான். பயம்கூடத் தோன்றவில்லை, மறந்ததை எட்டிப் பிடித்துவிடலாம்போல் ஒரு பரபரப்பு. விடாமல் பேசினாள். அப்பா அந்த மில் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மட்டும் அவள் காப்பி கொண்டுபோகவில்லை. இதே மாதிரி மழை, அதனால் போகவில்லை.

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள்.

அப்பாவின் திதி மாசி மாசம், சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசை. வருஷா வருஷம் சித்தப்பா வந்து சிராத்தம் செய்வார். சாஸ்திரிகளுக்கு வேர்த்து ஊற்றும், அவள்தான் பக்கத்தில் விசிறியோடு நிற்பாள். தரை நெருப்பாய்ச் சுடும். இருபது வருஷமாக அந்த வெயிலில் நின்று விசிறிக்கொண்டே, அன்றைக்கு மழை என்று நம்பியிருக்கிறாள்!

திவானில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "மழையே பெய்யலை டாக்டர். நான் போனேன். பாலத்துல பாதி வரைக்கும் போனேன்."

அதற்கு முந்தின நாள் ஸ்கூலில் பாட்டுக்கு முதல் பரிசு. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். பேப்பர் இறங்கவே இல்லை. ம், அவ்வளவுதான். மறுநாள் பாலத்து நடுவில் நின்றவளுக்கு வந்த கோபத்தில், இந்த அப்பா செத்துப்போகட்டும் என்று நினைத்து, பிளாஸ்கை ஆற்றில் வீசிவிட்டாள். வீட்டுக்கு வந்து உள்ளே ஒளிந்துகொண்டாள். விளக்கேற்றுகிற நேரத்துக்குச் சேதி வந்தது. ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாரே என்று அம்மா அலறிய அலறலில், குழந்தைக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. தான்தான் கொன்றுவிட்டோம்.

சுப்ரியா தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நினைப்பினால் யாராவது சாவார்களா? ஒன்பது வயசுப் பெண்ணுக்கு அது தெரியாது. இருபத்தொன்பது வயசுக்காரிக்குத் தெரியும், ஆனால் இதுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை. டாக்டரும் ஒன்றும் விளக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமைவரை யார் காத்திருப்பது? பூத்திலிருந்து காலேஜுக்கு போன் போட்டு பிரணவைப் பாலத்துக்கு வரச் சொன்னாள். அவன் வந்து சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. நடந்ததைக் கேட்டு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மறந்ததை மூடி மேலே ஒரு பொய் ஞாபகம், இதற்குப் பெயர் ஸ்க்ரீன் மெமரி என்று ஆரம்பித்தான். ஒரு வார்த்தை பேசப்படாது, பின்னாலே மெதுவா வாங்கோ போதும் என்று சொல்லிவிட்டு, அவள் பிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

நெஞ்சு அடிக்கத்தான் செய்தது. லாரி போகும்போது பாலம் அதிர்ந்தது, காலும் அதிர்ந்தது. ஆனால் இப்போது எதற்குப் பயம் என்று தெரிந்த பயம். நடுப்பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலங்கிப் பெருகி ஓடுகிற ஆற்றைப் பார்த்தாள்.

"அப்பா, பாட்டுல எனக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ். கேட்டேளா?"

அதைச் சொன்னதும் கால் தானாக நடந்தது.

மில் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை வந்திருந்தது. அதன் படியில் உட்கார்ந்தாள். பிரணவ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். அவனுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், மழையா அழுகையா தெரியவில்லை. அவள் மூடியில் காப்பியை ஊற்றினாள். ஆவி பறந்தது. வழக்கம்போல் தனக்குத்தான் என்று அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தானே ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சர்க்கரை பத்தலை," என்றாள். "நாளையிலேருந்து எனக்கு ரெண்டு ஸ்பூன்."