இறங்கும் தண்ணீரில் போட்ட முடிச்சு

அண்ணன் அல்சீத் வந்த நேரம் லியோனி தார் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இல்லாவிட்டால் அன்றைக்கே அவள் புருஷன் எமிலைக் குழியில் இறக்கியிருக்க வேண்டியதுதான்.

குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த கால்வாயை அந்த வாரம்தான் திறந்திருந்தார்கள். மேட்டுக்குளத்தில் ஒதுங்கிக் கிடந்த ‘மர்கரீத்’ படகை லியோனியும் எமிலும் ஒரு மாதமாகத் தயார் செய்தார்கள். அடிப்பாகத்தைச் சுரண்டித் தார் பூசினார்கள். சுக்கான் சங்கிலிக்குக் கொழுப்பு தடவினார்கள். தானியமும் மணலும் ஏற்றிய சரக்கறையில் பலகை அடித்து ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் போட்டாகிவிட்டது. இனிச் சரக்கு கிடையாது. யோன் ஆற்றில் இறங்கி, சேன் ஆற்றைப் பிடித்து, எங்கே மரநிழல் நன்றாக இருக்கிறதோ அங்கே நிற்பது, அலுத்தால் கிளம்புவது. லியோனிக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது முதல் யாருக்காவது சரக்கு சுமந்தே ஓடிய படகில் ஒரு தடவையாவது சும்மா போக வேண்டும் என்பது அவள் ஆசை.

எமில் தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன். தரையில் நடந்தே தேய்ந்த கால். அன்று காலை அவன் படகின் சிவப்புக் காம்புக் கோடாலியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

“யோவ், அது வெறகு பொளக்கற கோடாலி இல்ல,” என்று லியோனி படகுத் தளத்தில் தார்ச்சட்டிக்குப் பக்கத்திலிருந்து கத்தினாள். “வடம் வெட்டறது. இருந்த எடத்துல கொண்டு போய் வை.”

“வடத்த எதுக்கு வெட்டணும்? அவுத்தாப் போச்சு.”

“மதகுத் தொட்டிக்குள்ள தண்ணி எறங்கும்போது எந்த மடையனாவது படகக் கட்டிப்போட்டான்னா அவுக்க வராது. படகு எறங்கப் பார்க்கும், வடம் விடாது. தொங்கிடும். அப்ப வெட்டணும்.”

“அப்படிக் கட்டற மடையன் இருக்கானா?”

“தண்ணில பொறந்தவன் எவனும் கட்ட மாட்டான். எனக்கு நாலு வயசு, அல்சீத்துக்கு ஏழு. வெளையாட்டுக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். அப்பா விட்டாரு பாரு ரெண்டு பேருக்கும், ஆளுக்கொரு அறை. அதுவரைக்கும் அவரு எங்க மேல கை வச்சதே இல்ல.”

“இந்தக் கட்டைய முடிச்சிட்டு வைக்கிறேன்,” என்றான் எமில்.

அவன் அந்தக் கட்டையை முடிக்கவில்லை. அல்சீத்தின் வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. லியோனியின் அண்ணன் ஆளைப் பார்த்தால் மரக்கட்டை அடுக்கியது போலிருப்பான். சொந்தப் படகைக் குடிவெறியில் பாலத்தூணில் மோதித் தொலைத்தவன். தட்டிக்கேட்ட வேலையாளின் பல்லை உடைத்தவன். அதற்கப்புறம் அப்பா, குடிக்கடையில் நாலு படகுக்காரர்கள் முன்னால், “என் சுக்கான் லியோனிக்கு” என்று சொல்லிவிட்டார். போன இலையுதிர்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அல்சீத் கறுவிக்கொண்டிருந்தான்.

எமில் மரியாதையாக, “வாங்க, காப்பி குடிக்கிறீங்களா?” என்றான். அல்சீத் அவன் கையிலிருந்த கோடாலியைப் பிடுங்கினான். படகில் ஏறி, சுக்கான் அறையின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்தான். லியோனி தைத்த திரை கிழிந்தது. சுக்கான் சக்கரத்தின் கைப்பிடிகள் இரண்டு பறந்து தண்ணீரில் விழுந்தன. தடுக்க ஓடிய எமில் சக்கரத்தின் மேல் கை வைத்தான். அல்சீத் கோடாலியைத் திருப்பிப் பின்பக்கத்தால் அந்தக் கையின் மேல் இறக்கினான். எலும்பு நொறுங்கும் சத்தம் கரைவரைக்கும் கேட்டது.

எமில் முழங்காலில் விழுந்தான். அல்சீத் மறுபடி ஓங்கினான், இந்தத் தடவை தலைக்கு. அப்போதுதான் லியோனி கொதிக்கிற தாரைக் கரண்டியில் அள்ளி வீசினாள். அது அவன் தோளிலும் கழுத்திலும் அப்பிக்கொண்டது. அவன் ஊளையிட்டான். சட்டையைக் கிழித்தால் தோலும் சேர்ந்து வந்தது.

“இன்னொரு கரண்டி இருக்கு,” என்றாள் லியோனி. “மூஞ்சிக்கு.”

அவன் பின்வாங்கிக் கரையில் குதித்தான். கோடாலியை விடவில்லை.

“ஒரு தபால்காரப் பயலப் படுக்க வச்சு ஊர் சுத்தவாடி எங்கப்பன் படகு? நான் உசுரோட இருக்கற வரைக்கும் இது கீழ எறங்காது. பார்த்துடறேன்.”

“சாகறதுன்னா சீக்கிரம் சாவு. எனக்கு வேலை கெடக்கு.”

வேன் போனதும் அவள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டெறிந்தாள். பயமில்லை, ஆத்திரம். அவளுக்கு இடது காது கேட்காது. பன்னிரண்டு வயதில் அப்பா முதன்முதலாகச் சுக்கானை அவள் கையில் கொடுத்த அன்று, அல்சீத் துடுப்பால் அடித்ததில் போன காது அது. அன்றைக்கு அப்பா வயலோரம் நடந்துகொண்டிருந்தார், பார்க்கவில்லை. கதவில் இடித்துக்கொண்டேன் என்று பொய் சொன்னாள். அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்த அந்தச் சிறுமியை நினைத்தால் அவளுக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

எமிலின் கைக்கு இரண்டு மரக்கரண்டியை வைத்துக் கட்டினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது அவனுக்கு.

“போலீசுக்குச் சொல்லலாம், லியோ.”

“சொல்லி? அவன் ரெண்டு நாள்ல வெளிய வருவான். படகு இங்கயே கெடந்தா நெருப்பு வச்சிடுவான். கீழ கிளாம்சி ஊர்ல டாக்டர் இருக்காரு, அதுவரைக்கும் தாங்குவியா?”

“சுருக்கு சுருக்குன்னு வலிக்குது. பிராந்தி குடு, தாங்கறேன்.”

மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். ரொட்டி, பன்றிக்கறி வத்தல், ஒரு கூடை ஒயின் சீசாக்கள், எல்லாம் அப்படி அப்படியே அள்ளிப் போட்டது. உடைந்த சக்கரத்தை எமில் ஒற்றைக் கையால் பிடித்தான். குளம் தாண்டி, மலையைக் குடைந்த சுரங்கங்கள் மூன்றையும் கடந்தார்கள். வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. எமில் வலியை மறந்து சிரித்தான். முன்முனையில் நின்ற லியோனி திரும்பி அவனைப் பார்த்தாள். ஒரு கணம் இதுதான் நான் கேட்டது என்று தோன்றியது அவளுக்கு.

அங்கிருந்து கால்வாய் மலையிலிருந்து இறங்குகிறது. பதினாறு மதகுத் தொட்டிகள், ஒன்றன் கீழ் ஒன்று. படகை உள்ளே விட்டு, மேல்கதவைச் சாத்தித் தண்ணீரை வடித்தால், படகு ஒரு படி இறங்கிக் கீழ்க்கதவு வழியாக வெளியேறும். படகு முதல் தொட்டிக்குள் நுழைந்ததும் மதகுக்காரி ஒர்தான்ஸ் கோழிகளை விரட்டிவிட்டு வந்து மேல்கதவைச் சாத்தினாள்.

“வருஷத்தோட மொத ஆளு நீதாண்டி. என்ன, கண்ணாடியெல்லாம் காணோம்? காத்து வாங்கவா?”

“அல்சீத் வந்துட்டுப் போனான்.”

ஒர்தான்ஸின் சிரிப்பு போய்விட்டது. “நாசமாப் போறவன்,” என்றபடி கீழ்க்கதவுக்கு நடந்து, இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினாள். கதவின் அடியில் இருந்த அடைப்புப் பலகை தூக்கிக்கொண்டது. தொட்டித் தண்ணீர் உறுமிக்கொண்டு வெளியேறியது. படகு இறங்கத் தொடங்கியது. முன்வடத்தைக் கரை முளையில் ஒரு சுற்றுச் சுற்றி, இறங்க இறங்க விட்டுக்கொடுத்தபடி நின்றாள் லியோனி.

அல்சீத் மதகுவீட்டுப் பக்கமிருந்து வந்தான், அவளுக்குக் காது கேட்காத இடது பக்கம். எமில் கத்திய பிறகுதான் திரும்பினாள். தோளில் கறுப்பாகத் தார் ஒட்டியிருக்க, கோடாலியை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டைவிரல் பருமன் தார்வடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் சுருக்கைப் படகின் பின்பக்க இரும்பு முளையில் வீசிப் போட்டு இறுக்கினான். மறுமுனையைக் கரை முளையில் எட்டு வடிவில் முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

“இப்பப் போடி பார்க்கலாம்.”

ஒர்தான்ஸ் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து அவன் தோளில் ஓங்கி அடித்தாள், வெந்த இடத்திலேயே. அவன் அலறித் திரும்பி அதைப் பிடுங்கித் தொட்டிக்குள் வீசினான். அவளைக் கீழே தள்ளினான். கைப்பிடி மூழ்கியது. பலகையை இறக்க வேறு கைப்பிடி வீட்டுக்குள்தான் இருந்தது, எடுத்துவர நேரமில்லை. தண்ணீர் அதன் பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது.

தார்வடம் விறைத்தது. படகின் பின்பக்கம் இறங்க மறுத்தது. முன்பக்கம் மட்டும் தாழ்ந்தது. உள்ளே அடுப்பு சரிந்து தட்டுகள் உடையும் சத்தம் வந்தது. ‘மர்கரீத்’ ஒரு பெண்பிள்ளை முனகுவது போல முனகியது. லியோனி முன்வடத்தை விட்டுவிட்டு, சரிந்த தளத்தில் கையூன்றிப் பின்னால் ஏறினாள். எமில் ரொட்டிக் கத்தியை எடுத்து ஒற்றைக் கையால் வடத்தை அறுத்துக்கொண்டிருந்தான். வடம் கல்லாய் இறுகியிருந்தது. கத்தி வழுக்கியது.

முன்முனையில் தண்ணீர் ஏறிச் சரக்கறைக் கதவைத் தொட்டது. அவள் அண்ணாந்து பார்த்தாள். சுவர் உச்சியில் அல்சீத் நின்றான். அவன் முகத்தில் வெறி இல்லை. வாய் திறந்திருந்தது. அவன் பார்வை முடிச்சுக்கும் படகுக்கும் போய்ப் போய் வந்தது. தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“அண்ணே, வடம்,” என்றாள் லியோனி. அவனை அப்படிக் கூப்பிட்டு நாற்பது வருஷமிருக்கும்.

அவன் கோடாலியை உருவினான். வெட்டுகிறவன் வடத்துக்கு நேராக நிற்கக் கூடாது, விலகி நிற்க வேண்டும். அதுவும் அவனுக்குத் தெரியும். விலக நேரமில்லை, அல்லது விலகத் தோன்றவில்லை. முளைக்கும் சுவர் விளிம்புக்கும் நடுவில் நின்று ஒரே போடாகப் போட்டான்.

படகு பொத்தென்று விழுந்தது. வடத்தின் அறுந்த துண்டு முளையை நோக்கித் துள்ளியபோது வழியில் அவன் தாடை இருந்தது. பல்லும் ரத்தமும் தெறிக்க, சுழன்று, சுவருக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீருக்குள் போனான். கோடாலி மேலே புல்லில் கிடந்தது.

ஆடிய படகு சுவரை நோக்கித் திரும்பி வந்தது. இன்னும் ஒரு முழம் வந்தால் நசுக்கிவிடும். லியோனி யோசித்தாள். பொய்யில்லை, யோசித்தாள். காதும் கண்ணாடியும் எமிலின் கையும் அந்த ஒரு முழத்தில் வந்து நின்றன. பிறகு முதுகைச் சுக்கானறைச் சுவரில் ஊன்றி, இரண்டு காலாலும் கல்லை உதைத்துப் படகைத் தள்ளினாள். எமில் துறட்டியை அல்சீத்தின் பெல்ட்டில் மாட்டினான். இருவருமாகப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள்.

ஒர்தான்ஸ் வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு கைப்பிடி கொண்டுவந்தாள், ஆம்புலன்சுக்கும் போன் செய்தாள். மூவருமாக வடத்தில் கட்டி மேலே தூக்கிப் புல்லில் கிடத்தியபோது அவனுக்கு நினைவு இருந்தது. தாடை தனியாகத் தொங்கியது. பேச முடியவில்லை. ஆனால் ஒரு கையால் புல்லை அடித்து அடித்து எதையோ காட்டினான்.

“என்னடி கேக்கறான்? தண்ணியா?”

லியோனிக்குத் தெரிந்தது. கரை முளையில் அவன் போட்ட எட்டு முடிச்சு அறுந்த வாலோடு அப்படியே இருந்தது. கீழே, மேலேறக் காத்திருந்த படகு ஒன்று ஊதுகுழலை ஊதியது. தங்கச்சி புருஷனின் கையை உடைத்தான் என்றால் படகுக்காரர்கள் குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இறங்கும் தண்ணீரில் முடிச்சுப் போட்டான் என்றால் அது கால்வாய்க்குக் கால்வாய் போகும். அவன் பிணத்துக்குப் பின்னாலும் போகும். அவன் கண்ணில் நீர் வழிந்தது. அவள் காலைத் தொட்டான்.

ஒர்தான்ஸ் முளைக்குக் குனிந்தாள். “அவுத்துடறேண்டி, பாவம்.”

“தொடாத,” என்றாள் லியோனி. “இருக்கட்டும்.”

கோடாலியை எடுத்துக்கொண்டு ஏணி வழியாக இறங்கினாள். அதை அதன் இடத்தில் மாட்டினாள். கீழ்க்கதவு திறந்தது. எமில் படகை வெளியே விட்டான்.

காத்திருந்த படகின் கிழவர் பக்கத்தில் வரும்போது கத்தினார். “என்னம்மா, மேல இவ்வளவு நேரம்? தூங்கிட்டீங்களா?”

“மேல ஏறினதும் முளையப் பாருங்க, தாத்தா. எறங்கற தண்ணில ஒருத்தன் முடிச்சுப் போட்டிருக்கான்.”

“எவன் அந்தக் கழுதை?”

“அல்சீத் வெர்னியோ. எங்கண்ணன். பேர மறந்துடாதீங்க.”

கிழவர் தலையில் அடித்துக்கொண்டு கடந்து போனார். எமில் உடைந்த சக்கரத்தை நேராகத் திருப்பினான்.

“வெட்டிவிட்டதும் அவன்தானே, லியோ. அதையும் சொல்லியிருக்கலாம்.”

“அத அவனே சொல்லிக்கட்டும்,” என்றாள் அவள், அடுத்த தொட்டிக்கு வடத்தைச் சுருட்டியபடி. “தாடை ஒட்டினப்புறம்.”